மோதிர விரலை மறந்தவன் வாங்கிய கார்

என் மனைவிக்குத் தெரியாமல் ஒரு கார் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

அவளுக்குத் தெரியாமல் ஒரு கைக்குட்டைகூட நான் வாங்கி ஜெயித்ததில்லை. ஆனாலும் கைக்குட்டையில் தோற்றவன் காரிலும் தோற்பான் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தால் என் கண்ணில் பட்டிருக்கும். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். அடுத்தவர் எழுத்தில் எங்கே கால் விட்டுப்போயிருக்கிறது, எங்கே கொம்பு கூடுதலாக முளைத்திருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்குச் சம்பளம் தருகிறார்கள். வீட்டில் நிலைமை வேறு. அங்கே பிழை நான்; திருத்துவது அவள்.

அவள் தையல் கடை வைத்திருக்கிறாள். ஊசிக் காதில் ஒரே குத்தில் நூல் கோர்க்கிற கண். நான் வாங்கி வந்த கத்தரிக்காயில் ஒரு புழுகூட அந்தக் கண்ணுக்குத் தப்பி வாணலிவரை போனதில்லை.

"கமா விட்டுப்போனா உங்களுக்குத் தெரியுது. கத்தரிக்காய்ல ஓட்டை இருந்தா மட்டும் தெரியல!"

"தூரத்துல பாக்க முற்றுப்புள்ளி மாதிரி இருந்துச்சும்மா."

"கிட்டப் போய்ப் பாத்திருக்கலாம்ல?"

"கிட்டப் போனா கடைக்காரர் முறைக்கிறார்."

இப்படிப்பட்ட நான் எதற்குக் கார் வாங்கக் கிளம்பினேன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

மழைக்காலத்தில் ஒரு நாள் ஸ்கூட்டரோடு இருவரும் விழுந்தோம். அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு. எனக்கு முழங்காலில் அடி. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று எழுந்து, ஆடையைத் தட்டிவிட்டு, விழுந்ததே நான்தான் என்று யாருக்கும் தெரியாத மாதிரி நின்றேன். அதற்குப் பிறகு சில நாள் வழக்கம்போல ஸ்கூட்டரில் வந்தாள். ஒரு காலையில் செருப்பு மாட்டும்போதே, "இனிமே நான் பஸ்லயே போய்க்கறேங்க. அதுதான் சௌகரியம்" என்று சொல்லிவிட்டாள்.

பஸ்ஸில் எது சௌகரியம்? நிற்கவா, நசுங்கவா? எனக்குப் புரிந்துவிட்டது. என் பின்னால் உட்கார அவளுக்குப் பயம்.

அந்த ஸ்கூட்டரின் பின்சீட்டு வெறும் பின்சீட்டு இல்லை, ஐயா. கல்யாணமானதிலிருந்து அங்கிருந்துதான் எங்கள் போக்குவரத்தே நடந்தது. "மெதுவா. லாரி வருது. அவனை முந்தவேண்டாம், போகட்டும். பச்சை விழுந்தாச்சு, தூங்கறீங்களா?" காதுக்குப் பின்னால் ஓயாத ஒலிபரப்பு. எத்தனையோ நாள் ஹெல்மெட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டியிருக்கிறேன். அது நின்றபோதுதான் தெரிந்தது, தெரு எவ்வளவு வெறிச்சென்று இருக்கிறது என்று. கிளம்பும்போது "கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்று சொல்வது என் பழக்கம். பின்னால் ஆள் இல்லாமலே ஒரு நாள் அப்படிச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற சைக்கிள்காரர் தன் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று எனக்கு அழுகை வந்தது.

கார் வாங்கினால் பக்கத்தில் உட்காருவாள். விழ மாட்டோம். மறுபடி பேசுவாள். இதுதான் திட்டம். முழங்கால் மட்டும் அவ்வப்போது முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. விழுந்தது போதாது என்று, வலி என்று வேறு சொன்னால் அவளுக்குப் பயம் இரண்டு மடங்காகிவிடும்.

யோசனை கேட்க மேல்வீட்டு மாமாவிடம் போனேன். பஸ் டிப்போவில் ஆயுசைக் கழித்தவர். காலையில் அவர் இருமுவதும் குளிரில் டீசல் இன்ஜின் கிளம்புவதும் ஒன்றுபோல இருக்கும்.

"மாமா, பழைய கார் ஒண்ணு வாங்கணும். வீட்ல தெரியக்கூடாது."

"யார் வீட்ல?"

"என் வீட்லதான்."

மாமா சிரிக்கவில்லை. திரும்பிக்கொண்டு நெடுநேரம் இருமினார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"டீசல் ஹேட்ச்பேக் வாங்கு தம்பி. பின்னால பொட்டி நீட்டிக்கிட்டிருக்காத, வால் நறுக்கின சின்ன வண்டி. உன் சந்துல திரும்பும். அச்சாபீஸ் ஊருக்கு வெளியில, கடை ஊருக்குள்ள. தினம் நீள ஓட்டம். அதுக்கு டீசல்தான் சரி."

"பாத்து வாங்கத் தெரியணுமே மாமா?"

"கையை நீட்டு. அஞ்சு விரல், அஞ்சு பரீட்சை. கட்டைவிரல்: போனதும் பானெட்டைத் தொட்டுப் பாரு. சில்லுன்னு இருக்கணும். நீ வர்றதுக்கு முன்னாடியே ஓடவிட்டுச் சூடு பண்ணி வெச்சிருந்தா, எதையோ மறைக்கிறாங்க. சூடான டீசல் எல்லாம் நல்ல பிள்ளை மாதிரிதான் நடிக்கும்."

"காபி குடிச்ச மனுஷன் மாதிரி."

"அதேதான். ஆள்காட்டி விரல்: புகை. கறுப்பா வந்துட்டே இருந்தா டீசல் சரியா எரியல. நீலமா வந்தா ஆயிலைக் குடிக்குது. வெள்ளையா வந்து நிக்காமப் போனா உள்ளே தண்ணி கசியுது. நடுவிரல்: இன்ஜின் ஓடறப்போ ஆயில் மூடியைத் திருகி எடுத்து அங்கேயே சும்மா வை. லேசா நடுங்கினா பரவால்ல. தூக்கி எறிஞ்சா உள்ளே தேஞ்சு போச்சு, திரும்பிப் பாக்காம வந்துடு. மோதிர விரல்: யார் ஓட்டினாங்க, எவ்வளவு தூரம் ஓட்டினாங்கன்னு கேளு. தெருமுனைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓட்டின டீசல்னா புகைக்குழாய்ல இருக்கிற வடிகட்டி அடைச்சுக்கும். ஆளைக் கேட்டாத்தான் வண்டி தெரியும். சுண்டுவிரல்: இன்ஜின்மேல இருக்கிற நம்பரும் புத்தகத்துல இருக்கிற நம்பரும் ஒண்ணான்னு பாரு."

"அது என் தொழிலாச்சே!"

"எனக்குத் தெரிஞ்ச கணக்கு டீச்சர் ஒருத்தங்க, ரிட்டயராயிட்டாங்க. பொழுது சாஞ்சா எதிர்வண்டி வெளிச்சம் கண்ணைக் கூசுதாம். வண்டியை விக்கறாங்க. போய்ப் பாரு" என்று விலாசத்தையும் அவரே கொடுத்தார். உலகத்தில் இவ்வளவு நல்லவர்கள் இருக்கிறார்களே என்று நெகிழ்ந்துபோய் இறங்கி வந்தேன்.

அன்று முதல் வீட்டில் ஒத்திகை. பால் பாத்திரத்தின் மூடியைக் கட்டைவிரலால் தொட்டேன்.

"என்ன பண்றீங்க?" என்றாள்.

"சில்லுன்னு இருக்கு. நல்ல வண்டி."

"வண்டியா?"

"பால்! நல்ல பால்னு சொன்னேன்."

குக்கரிலிருந்து ஆவி வந்தது. ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டு நின்றேன். வெள்ளை. வந்தது; நின்றுவிட்டது. ஆகவே தண்ணீர் கசியவில்லை. நிம்மதியாகத் திரும்பினால் அவள் இடுப்பில் கையை வைத்து நின்றாள்.

"விரல்ல ஏதாவது சுளுக்கா?"

"அச்சாபீஸ்ல ஒரு புதுக் கணக்கு."

"ம்ம். கத்தரிக்காய் முத்தினா கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகணும்" என்றாள்.

வியர்த்துவிட்டது எனக்கு. ஆனால் அவள் அதற்கு மேல் துருவவில்லை. அந்த நாட்களில் அவளே கடையிலிருந்து தாமதமாகத்தான் வந்துகொண்டிருந்தாள். கேட்டால் "தைக்க நிறைய வந்திருக்குங்க" என்பாள். என் திட்டத்துக்கு அது வசதியாக இருந்ததால் நானும் துருவவில்லை.

டீச்சர் வீட்டுக்குக் காலையிலேயே போய்விட்டேன். வாசலில் வண்டி நின்றது. நேராகப் போய்க் கட்டைவிரலைப் பானெட்டில் அழுத்தினேன்.

"வணக்கம் சொல்றதுக்கு முன்னாடியே காய்ச்சல் பாக்கறீங்களா தம்பி?"

கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கிவிட்டு டீச்சர் பார்த்த பார்வையில், பள்ளிக்கூடத்தில் நான் தப்பாகப் போட்ட கணக்கெல்லாம் ஞாபகம் வந்தது. வண்டி சில்லென்று இருந்தது. கட்டைவிரல் பாஸ்.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறக்கப் போனேன். திறக்கவில்லை. இழுத்தேன். கெஞ்சினேன்.

"சும்மா இழுத்தா வராது தம்பி. கைப்பிடியை மேல தூக்கி, இடுப்பால ஒரு இடி இடிக்கணும்."

இடித்தேன். கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை. டீச்சர் வந்து லேசாக ஒரு இடி இடித்தார். திறந்தது. அவரே உட்கார்ந்து சாவியைத் திருகினார். இன்ஜின் இரண்டு தடவை மேல்வீட்டு மாமா மாதிரி இருமிவிட்டுக் கிளம்பியது. ஒரு வாய் கறுப்புப் புகை, பிறகு ஒன்றுமில்லை. ஆள்காட்டி விரல் பாஸ். ஆயில் மூடியை எடுத்து வைத்தேன். லேசாக நடுங்கியது, விழவில்லை. நடுவிரலும் பாஸ்.

அடுத்தது மோதிர விரல்.

மறந்துவிட்டது.

விரலைப் பார்த்தேன். அதில் மோதிரம் இருந்தது. என் மனைவி, கடை திறந்த வருஷத்தில் தன் சம்பாத்தியத்தில் வாங்கிப் போட்டது. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அவள் முகம்தான் ஞாபகம் வந்ததே தவிர, பரீட்சை ஞாபகம் வரவில்லை.

"என்ன தம்பி, விடை மறந்து போச்சா?"

"கேள்வியே மறந்து போச்சு டீச்சர்."

"அப்போ அடுத்த கேள்விக்குப் போங்க. கடைசியில நேரம் இருந்தா திரும்ப வரலாம்" என்றார் டீச்சர், மிகவும் அவசரமாக.

சுண்டுவிரல். நம்பரைப் பார்த்தேன். புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது. அந்த ஒரு பரீட்சையில் நான் நிபுணன் என்பதால் இரண்டு தடவை பார்த்தேன்.

ஓட்டிப் பார்க்கலாமென்று உட்கார்ந்தேன். முட்டி இரண்டும் ஸ்டியரிங்கைத் தாங்கிப் பிடித்தன. சீட் அவ்வளவு முன்னால் இருந்தது.

"பின்னால தள்ளுங்க டீச்சர்."

"அது நகராது தம்பி. இருக்கிற இடத்துல இருக்கு."

"உங்களுக்கு எப்படிச் சரியா இருக்கு?"

"நான் குள்ளம். நீங்க ஏணி. நான் ஓட்டறேன், நீங்க பக்கத்துல உக்காந்து பாருங்க."

உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாக இருந்தது. பிரேக்கை மிதிக்கும் முட்டியில்தான் அந்த முணுமுணுப்பு. பக்கத்தில் உட்கார்ந்து, பிழை திருத்துகிறவனின் முழு மிடுக்கோடு காதைத் தீட்டினேன். கியர் மாற்றும்போதெல்லாம் வண்டி ஒரு குலுக்கு குலுக்கியது.

"கிளட்ச் தேஞ்சிருக்கு டீச்சர்! யாரோ கத்துக்குட்டி போட்டு மிதிச்சிருக்காங்க. தையல் மெஷினை மிதிக்கிற மாதிரி!"

டீச்சர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தோள் குலுங்கியது.

"எப்படித் தம்பி இவ்வளவு கரெக்டா சொல்றீங்க?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்து சீட் உறையைப் பிடித்தேன்.

"உறை புதுசு. எதையோ மூடி மறைக்கத்தான் போட்டிருக்கு."

"அதுவும் சரிதான். தையல் எப்படி இருக்கு?"

"சுமார். மூலைக்கு மூலை ரெட்டைத் தையல். நூலுக்குக் கேடு."

"இருங்க இருங்க, இதை நான் ஞாபகம் வெச்சுக்கணும்" என்றார் டீச்சர்.

கிளட்சையும் தையலையும் மாறி மாறித் திட்டியே விலையைக் கணிசமாகக் குறைத்துவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் பேசிய பேரத்தில் எதிராளி சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைத் தெருமுனையில் கொண்டுவந்து நிறுத்துவதாகவும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை.

"கண்ணை மூடிக்கோ" என்றேன்.

மூடிக்கொண்டாள்.

எதற்கு என்று கேட்கவில்லை. அடுப்பில் வேலை இருக்கிறது என்று சொல்லவில்லை. சொன்னதும் கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து நடக்காத அதிசயம். அதுவும் எனக்கு உறைக்கவில்லை. சாதித்தவனுக்கு எதுவும் உறைக்காது.

கையைப் பிடித்துத் தெருவில் கூட்டிப்போனேன்.

"பாத்து, கல்லு இருக்கு" என்றாள் கண்ணை மூடியபடியே. நான்தான் தடுக்கினேன்.

தெருமுனையில் வண்டி பளபளவென்று நின்றது. சாவி என் பையில். அவள் கையை எடுத்து ஓட்டுநர் பக்கக் கதவின் கைப்பிடிமேல் வைத்தேன். "இது என்னன்னு சொல்லு பாப்போம். தொட்டுப் பாத்தே சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை.

அவள் கை கைப்பிடியை மேலே தூக்கியது. இடுப்பு ஒரு இடி இடித்தது. கதவு திறந்தது.

அவள் கண்கள் இன்னும் மூடியே இருந்தன.

மெதுவாக ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தாள்.

"இடுப்பால இடிக்கணும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாக் காரும் அப்படித்தானேங்க திறக்கும்?"

அவள் வாழ்நாளில் ஒரே ஒரு காரைத்தான் திறந்திருக்கிறாள் என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிந்துபோனது. எங்கள் வீட்டு மாடியிலிருந்து இருமல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். மாமா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று, மோதிர விரலை மட்டும் தூக்கிக் காட்டினார்.

யார் ஓட்டினாங்கன்னு கேளு!

"நீயா?" என்றேன்.

"உள்ளே உக்காந்து பேசலாமே" என்று ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி அவளுக்குப் பொருந்தியது அந்த இடம். நான் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கம் ஏறினேன். என் கண் சீட் உறைமேல் போனது. மூலைக்கு மூலை ரெட்டைத் தையல். குனிந்து என் சட்டைப் பையைப் பார்த்தேன். அதே ரெட்டைத் தையல். எத்தனை வருஷமாக என் நெஞ்சுமேலேயே இருக்கிறது! என்ன பிழை திருத்துகிறவன் நான்!

"டீச்சர் என்கிட்டதான் துணி தைக்கக் குடுப்பாங்க. கடையை மூடிட்டு ஓட்டக் கத்துக்கிட்டேன். மாமாதான் பக்கத்துல உக்காந்து நெடுஞ்சாலை வரைக்கும் பழக்கிவிட்டார்" என்று சொல்லி, டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து லைசென்ஸைக் காட்டினாள். படத்தில் மிரட்டுகிற மாதிரி இருந்தாள்.

"என் பின்னால உக்காரப் பயம்னா சொல்லியிருக்கலாம்ல? அதுக்காகத்தானே நான் இவ்வளவும்..."

"பயமா? யாருக்கு?" அவள் என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, பேண்ட் தைக்கிறவளுக்கு முட்டி தெரியாதா? ஒரு முட்டியில துணி தேயுது. இன்னொண்ணு புதுசு மாதிரி இருக்கு. மடக்கவே இல்லன்னு அர்த்தம். சிக்னல்ல ரெண்டு பேர் பாரத்தையும் தாங்கிக் காலை ஊனறப்போ பல்லைக் கடிக்கிறீங்க. ஸ்கூட்டர் கண்ணாடியில எனக்குத் தெரியாதா? அதான் பஸ்ல போனேன். ஒரு ஆள் பாரமாவது குறையட்டும்னு."

வெறிச்சோடிக் கிடக்கிறது என்று நான் நினைத்த அந்தப் பின்சீட்டு, எனக்காகத்தான் காலியாக இருந்திருக்கிறது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்க சொன்னீங்களா, முட்டி வலிக்குதுன்னு?"

முட்டியைத் தடவிக்கொண்டேன்.

"சொன்னா, 'நீ ஓட்டக்கூடாது, உனக்கு அடிபட்டுடும்'னு குதிப்பீங்க. நீங்க கார் தேடறீங்கன்னு மாமா வந்து சொன்னதும் தெரியாத மாதிரி இருந்துட்டேன். நீங்களே தேடி, நீங்களே பாத்து வாங்கின வண்டின்னா குத்தம் சொல்ல முடியாது. அதுவுமில்லாம எனக்கு ஓட்டத்தான் தெரியும். வண்டி நல்லதா கெட்டதான்னு யார் பாக்கறது? மாமா சொல்லிக் குடுத்தா, நீங்க ஒண்ணுவிடாமப் பாப்பீங்கன்னு தெரியும்."

அவள் வாயிலிருந்து பாராட்டு வருவது அபூர்வம். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஆனா தையல் மெஷின் மாதிரி மிதிச்சேனாமே?"

மறுபடி சாய்ந்தேன்.

"நூலுக்குக் கேடாமே?"

"டீச்சர் எல்லாத்தையும் சொல்லிட்டாங்களா?"

"வார்த்தை மாறாம. போகட்டும், என்னைத் திட்டிக் குறைச்ச காசுல கிளட்சை மாத்திடலாம்."

இருக்கிற கொஞ்சநஞ்ச மானத்தையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டுமே. "மெக்கானிக்கைக் கூப்பிட்டு இந்த சீட்டையும் சரி பண்ணிட்டா, நானும் அப்பப்போ ஓட்டலாம்" என்று குனிந்து, அவள் சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். நகர்த்துகிற கம்பி கையில் பட்டது. துருப்பிடிக்கவில்லை. இறுகவும் இல்லை. துணியால் சுற்றி, சீட் உறையோடு சேர்த்து அசையாமல் தைத்திருந்தது. விரலால் தடவினேன்.

ரெட்டைத் தையல்.

அவள் நேராகத் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "முட்டி வலிக்குதுன்னு நீங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்க. ஏன் உங்க வீட்டம்மா ஓட்டறாங்கன்னு நாலு பேர் உங்களைக் கேட்டா, எனக்குக் கால் நீளம், சீட் நகரலன்னு சொல்லிக்கலாம்ல."

கையை மெல்ல வெளியே எடுத்துக்கொண்டேன். பிரிக்க மனம் வரவில்லை.

பையிலிருந்த சாவியை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கித் திருகினாள். இன்ஜின் இருமிவிட்டுக் கிளம்பியது.

"கெட்டியாப் பிடிச்சுக்கோங்க" என்றாள்.

பிடித்துக்கொண்டேன். வண்டி ஒரு குலுக்கு குலுக்கித் தெருமுனை திரும்பியது. பெரிய சாலை வந்தது. என்னை அறியாமல் வாய் திறந்துவிட்டது.

"மெதுவா. லாரி வருது. அவனை முந்தவேண்டாம், போகட்டும்."

"பேசாம வாங்க. இத்தனை வருஷம் பின்னால உக்காந்து நான் ஸ்கூட்டர் ஓட்டினப்போ, நீங்க ஒரு வார்த்தை குறுக்க பேசினீங்களா?"